நிரபராதிகள் எப்படித் தண்டிக்கப்படுகிறார்கள்? தடயவியல் தவறுகளும் அதிகார முறைகேடுகளும் குறித்து ஓர் எளிய விளக்கம்

ஒரு குற்ற வழக்கைப் பற்றிய செய்தியில் "தடயவியல் அறிக்கை உறுதிசெய்தது" என்ற வரி வந்துவிட்டால், அதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். பல ஆண்டுகள் கழித்து அதே வழக்கில் தண்டனை அனுபவித்தவர் நிரபராதி என்று தெரியவரும்போது, "எல்லாமே போலீஸ் ஜோடித்ததுதான்" என்று மறுமுனைக்குத் தாவிவிடுகிறோம். அறிவியல் தவறாது என்ற நம்பிக்கையும், அதிகாரிகள் அனைவரும் பொய்யர்கள் என்ற கோபமும், உள்ளே நடப்பது என்ன என்று பார்க்கவிடாமல் தடுத்துவிடுகின்றன. அந்த உள்நடப்பை, சட்டப் படிப்போ அறிவியல் படிப்போ இல்லாதவர்களும் பின்தொடரும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிரபராதிக்கு எதிராகக் கைரேகை, முடி, வாக்குமூலம், நேரில் கண்ட சாட்சி என்று பல சான்றுகள் குவிந்திருப்பதாகத் தோன்றும் வழக்குகளைப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்திலிருந்து கிளைத்தவையாக இருக்கின்றன. தடயவியல் தவறும் அதிகார முறைகேடும் தனித்தனி நோய்கள் அல்ல. ஒன்று மற்றொன்றுக்கு இடம் கொடுக்கிறது.

எதைத் தவறான தண்டனை என்கிறோம்?

குற்றத்தைச் செய்யாத ஒருவரை நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானித்துத் தண்டிப்பதே தவறான தண்டனை. போதிய ஆதாரம் இல்லாததால், சந்தேகத்தின் பலனை அளித்து ஒருவரை விடுதலை செய்வது இதிலிருந்து வேறுபட்டது. அங்கே அவர் செய்தாரா இல்லையா என்ற கேள்வி திறந்தே இருக்கலாம். தவறான தண்டனையில், செய்தவர் வேறு ஒருவர், அல்லது குற்றமே நடக்கவில்லை. தண்டனை பெற்றவர் பின்னர் குற்றமற்றவர் என்று அதிகாரபூர்வமாக ஏற்கப்படுவதை விடுவிப்பு என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

இது நடக்கிறது என்பதை ஐயமின்றிக் காட்டியது மரபணுச் சோதனை, அதாவது டி.என்.ஏ. சோதனை. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984ஆம் ஆண்டு இந்த முறையைக் கண்டறிந்தார். அதே வட்டாரத்தில் 1983இலும் 1986இலும் இரண்டு பதின்வயதுப் பெண்கள் கொல்லப்பட்டிருந்தனர். இரண்டாவது கொலையைத் தான் செய்ததாக 17 வயது இளைஞர் ஒருவர் போலீசாரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். முதல் கொலையையும் அவரே செய்தார் என்று நிறுவ விரும்பிய போலீசார் ஜெஃப்ரீஸை நாடினர். இரண்டையும் செய்தது ஒரே ஆள் என்றும், அந்த ஆள் இந்த இளைஞர் அல்ல என்றும் சோதனை காட்டியது. மரபணு வழியாகச் சந்தேகத்திலிருந்து விடுபட்ட முதல் மனிதர் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஒப்புதல் வாக்குமூலத்தின் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கையை அது அன்றே அசைத்திருக்க வேண்டும்.

1992இல் நியூயார்க்கில் பேரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரு வழக்கறிஞர்கள் தொடங்கிய 'இன்னசன்ஸ் புராஜெக்ட்' இந்தச் சோதனையைப் பழைய வழக்குகளின் பக்கம் திருப்பியது. அமெரிக்காவின் தேசிய விடுவிப்புப் பதிவேட்டில் 1989 முதல் இதுவரை 3,500க்கும் மேற்பட்ட விடுவிப்புகள் பதிவாகியுள்ளன. இந்தக் கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பலவும் அமெரிக்காவையும் பிரிட்டனையும் சேர்ந்தவையாக இருப்பதற்குக் காரணம், அங்கே தவறுகள் அதிகம் என்பதல்ல. தவறுகளைத் திரும்பிப் பார்த்து எழுதிவைத்த அமைப்புகள் அங்கே இருப்பதுதான்.

எதிர்பார்ப்பு கண்ணை எப்படி வழிநடத்துகிறது?

ஒலிப்பதிவு தெளிவில்லாத ஒரு பழைய பாட்டைக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரி புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாலும் இரைச்சல்தான் மிஞ்சுகிறது. பக்கத்தில் இருப்பவர் அந்த வரி இதுதான் என்று சொன்ன மறுகணம், அது அப்படியே தெளிவாகக் கேட்கிறது. அவர் தவறான வரியைச் சொல்லியிருந்தாலும் அதுவே கேட்கும். அதன் பிறகு முயன்றாலும் வேறு மாதிரிக் கேட்க முடிவதில்லை. காதில் விழும் ஒலி மாறவில்லை. மூளை இடைவெளிகளை எதை வைத்து நிரப்புகிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

முன்பே மனத்தில் உள்ள முடிவுக்கு ஏற்றபடி தெளிவற்ற தகவலைப் புரிந்துகொள்ளும் இந்த இயல்புக்கு உறுதிப்பாட்டுச் சார்பு என்று பெயர். இதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. நேர்மையானவர்களுக்கும் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் இது நேர்கிறது. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் தடயங்கள் பெரும்பாலும் அந்தப் பாட்டைப் போல அரைகுறையானவை: பாதி பதிந்த ரேகை, கருகிய தரை, ஒற்றை முடி. அவற்றைப் பார்ப்பவரிடம் "சந்தேக நபர் இவர்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், வரி சொல்லிக்கொடுக்கப்பட்டுவிட்டது.

அளப்பதும் ஒப்பிடுவதும்

குற்றத் தடயங்களை அறிவியல் முறைகளால் ஆராய்வதே தடயவியல். நாம் ஒரே பெயரால் அழைக்கும் இதற்குள் தரத்தில் மிகவும் வேறுபட்ட முறைகள் இருக்கின்றன. ஒரு வகை, ஆராய்ச்சிக் கூடங்களில் வேறு நோக்கங்களுக்காகப் பிறந்து, பிழை விகிதம் அளக்கப்பட்டு, பிறகு நீதிமன்றத்துக்கு வந்தது. மரபணுச் சோதனை அத்தகையது. இன்னொரு வகை, வழக்குகளைத் துப்புத்துலக்கும் தேவையிலிருந்து விசாரணை அதிகாரிகளிடையே வளர்ந்தது. முடியை நுண்ணோக்கியில் ஒப்பிடுவது, கடித்த தடத்தைப் பல்வரிசையோடு ஒப்பிடுவது, எரிந்த தடங்களை வைத்துத் தீவைப்பு என்று முடிவுகட்டுவது ஆகியவை இந்த வகை. இரண்டு பொருள்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்பதை இங்கே மனிதக் கண்தான் தீர்மானிக்கிறது.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக் குழு 2009இல் வெளியிட்ட அறிக்கை இந்த வேறுபாட்டை வெளிப்படையாகச் சொன்னது. ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு மனிதரோடு மிக உயர்ந்த உறுதியுடன் இணைக்கும் திறன், உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபணுவை ஆராயும் சோதனையைத் தவிர வேறு எந்தத் தடயவியல் முறைக்கும் கண்டிப்பான சோதனைகளால் நிரூபிக்கப்படவில்லை என்பது அதன் முடிவு. பல பத்தாண்டுகளாக அந்த மற்ற முறைகளை நம்பியே மரண தண்டனைகள் வரை விதிக்கப்பட்டிருந்தன.

முடி ஒப்பீட்டின் கதை இதற்குச் சரியான சான்று. அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியம் அளித்த 268 பழைய வழக்கு விசாரணைகளின் பதிவுகள் மறுஆய்வு செய்யப்பட்டு, 2015இல் முடிவு வெளியானது. 257 வழக்குகளில் நிபுணர்கள் அறிவியல் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிப் பேசியிருந்தனர். அந்த 257 பேரும் நிரபராதிகள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களில் பலருக்கு எதிராக வேறு சான்றுகளும் இருந்தன. ஆனால் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது அறிவியலாக இருக்கவில்லை.

எல்லை தாண்டுவது என்றால் என்ன? "இந்த முடி, அவருடைய முடியோடு தோற்றத்தில் ஒத்திருக்கிறது" என்பது ஒரு நுண்ணோக்கி தரக்கூடிய தகவல். அந்தத் தோற்றம் எத்தனை பேருக்கு இருக்கும் என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எனவே "இது அவருடைய முடியே" என்றோ, "வேறொருவருடையதாக இருக்க வாய்ப்பே இல்லை" என்றோ சொல்ல எந்த அடிப்படையும் கிடையாது. 1978இல் வாஷிங்டன் நகரில் நடந்த ஒரு டாக்சி ஓட்டுநர் கொலை வழக்கில், கொலையாளி முகமூடியாக அணிந்திருந்த காலுறையில் 13 முடிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கைதானபோது 17 வயதே ஆகியிருந்த சான்டே டிரிபிள் என்பவரின் முடியோடு எல்லா நுண்கூறுகளிலும் ஒத்துப்போவதாக எஃப்.பி.ஐ. நிபுணர் சாட்சியம் அளித்தார். அது வேறொருவருடையதாக இருக்கும் வாய்ப்பு ஒரு கோடியில் ஒன்று இருக்கலாம் என்று அரசு வழக்குரைஞர், குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழுவான ஜூரியிடம் வாதிட்டார். அந்த எண் எங்கிருந்தும் எடுக்கப்பட்டதல்ல. டிரிபிள் 28 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 2012இல் மரபணுச் சோதனை நடந்தபோது, 13 முடிகளில் ஒன்றுகூட அவருடையது அல்ல என்று தெரிந்தது. அவற்றுள் ஒன்று மனித முடியே அல்ல, நாயின் முடி.

தீயைப் படிப்பதாக நம்பியவர்கள்

டெக்சாஸ் மாநிலத்தின் கார்சிகானா ஊரில் 1991 டிசம்பரில் ஒரு வீடு எரிந்து மூன்று சிறு குழந்தைகள் இறந்தனர். தந்தை கேமரன் டாட் வில்லிங்ஹாம் உயிர் தப்பினார். தரையில் குட்டை குட்டையாகக் கருகியிருந்த தடங்கள், திரவ எரிபொருள் ஊற்றப்பட்டதைக் காட்டுவதாகத் தீ விசாரணை அதிகாரிகள் கூறினர். சன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை போல் விரிசல் விழுந்திருந்ததும் அதையே காட்டுவதாகச் சொல்லப்பட்டது. சிறையில் தன்னிடம் வில்லிங்ஹாம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு கைதியும் சாட்சி சொன்னார். 1992இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே உண்மையான இயற்பியலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மூடிய அறையில் தீப்பிடிக்கும்போது, வெப்ப வாயுக்கள் கூரையின் அடியில் திரண்டு படலமாகத் தங்குகின்றன. அந்தப் படலம் சுமார் 500 முதல் 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, அதன் கதிர்வீச்சால் அறையில் உள்ள எரியக்கூடிய பொருள்கள் எல்லாம், தரை உட்பட, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கின்றன. இதை முழுஅறைப் பற்றல் எனலாம். இதன் பிறகு எரியும் தரையில், ஒரு சொட்டு எரிபொருள்கூட இல்லாமலே, ஊற்றியது போன்ற தடங்கள் உண்டாகும். 1991இல் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் விசாரணையாளர்கள் ஒரு காலி வீட்டில் சோபாவைக் கொளுத்திப் பார்த்தபோது, சில நிமிடங்களிலேயே இது நேரில் தெரிந்தது. கண்ணாடி விரிசலோ, சூடான கண்ணாடியில் தீயணைப்பு வீரர்கள் பீய்ச்சும் குளிர்ந்த நீர் பட்டு உண்டாவது. ஆக, தீவைப்பின் அடையாளமாகக் கருதப்பட்டவை, தற்செயலான தீயிலும் காணப்படுபவையே.

இந்த அறிவு வில்லிங்ஹாமின் தண்டனைக்கு முன்பே இருந்தது. தீ ஆய்வு நிபுணர் ஜெரால்டு ஹர்ஸ்ட் எழுதிய மறுப்பு அறிக்கை, தண்டனை நிறைவேற்றும் நாளுக்கு முன்பே அதிகாரிகளின் கைக்குச் சென்றது. 2000ஆம் ஆண்டிலேயே அந்தச் சிறைச் சாட்சி தன் வாக்குமூலத்தைத் திரும்பப்பெறுவதாக எழுதியிருந்தார். இருந்தும் 2004 பிப்ரவரி 17 அன்று வில்லிங்ஹாமுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அதே மாநிலத்தில், மிகவும் ஒத்த தீ விசாரணைச் சான்றுகளால் மரண தண்டனை பெற்றிருந்த இன்னொருவர், அதே ஹர்ஸ்டின் ஆய்வைக் கேட்டு அரசு வழக்குரைஞர் வழக்கைக் கைவிட்டதால் விடுதலையானார். 2009இல் மாநிலத் தடயவியல் ஆணையத்துக்காக ஆராய்ந்த நிபுணர் கிரெய்க் பெய்லர், வில்லிங்ஹாம் வழக்கில் தீவைப்பு என்ற முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று எழுதினார். வில்லிங்ஹாமின் மரணத்துக்கும் அந்த இன்னொருவரின் விடுதலைக்கும் இடையே இருந்தது எட்டு மாத இடைவெளியும், ஒரு வழக்குரைஞர் கேட்கத் தயாராக இருந்ததும்தான் என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

கைரேகையும் தவறுமா?

2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, வெடிதூண்டிகள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையை ஸ்பெயின் போலீசார் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பினர். கணினி 20 பேரின் ரேகைகளை ஒத்தவையாகத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் ஒருவரான, ஓரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டின் ரேகையே அது என்று எஃப்.பி.ஐ. நிபுணர் முடிவுசெய்தார், மேலும் இருவர் சரிபார்த்து ஒப்புக்கொண்டனர், நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ஆமோதித்தார். பொருந்தவில்லை என்று ஸ்பெயின் போலீசார் ஏப்ரலிலேயே சொல்லியும், மே மாதம் மேஃபீல்டு கைதுசெய்யப்பட்டார். இரண்டு வாரம் கழித்து, அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயின் கண்டறிந்த பிறகே விடுவிக்கப்பட்டார்.

இதை ஆராய்ந்த அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர், நிபுணர்கள் பின்னோக்கிச் சிந்தித்ததைச் சுட்டிக்காட்டினார். முதலில் தெளிவான மேஃபீல்டின் ரேகையைப் பார்த்துவிட்டு, அதிலுள்ள கூறுகளைத் தெளிவற்ற ரேகையில் தேடியபோது, அங்கே இல்லாதவையும் இருப்பதாகத் தெரிந்தன. வரியைச் சொல்லிவிட்டுப் பாட்டைக் கேட்பதன் அச்சு அசல் இது. அவர் இஸ்லாத்துக்கு மாறியவர் என்ற தகவலும், பின்னர் தவறை மறுபரிசீலனை செய்யவிடாமல் தடுத்த காரணங்களில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று அறிக்கை கருதியது. 2006இல் உளவியலாளர் இட்டியல் டிரோர் ஐந்து கைரேகை நிபுணர்களிடம், அவர்களே முன்பு பொருந்துகிறது என்று தீர்ப்பளித்த ரேகைகளை, மேஃபீல்டு வழக்கின் ரேகைகள் என்று சொல்லிக் கொடுத்தார். தம் பழைய முடிவில் நின்றவர் ஒருவர் மட்டுமே. மூவர் பொருந்தவில்லை என்றனர். ஒருவர் முடிவுசெய்ய இயலாது என்றார்.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால்: தடயம் அரைகுறையானது, முறை மனிதக் கண்ணை நம்பியது, கண் எதிர்பார்ப்பால் வழிநடத்தப்படுவது. இந்த மூன்றும் சேரும்போது, எவருமே பொய் சொல்லாமலே ஒரு நிரபராதிக்கு எதிரான அறிக்கை தயாராகிவிடும். நிபுணர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது, அவர்கள் எல்லோருக்கும் விடை முன்பே தெரிந்திருந்தால், பயன் தராது.

சோதனை சரி, கேள்வி தவறு

சில நேரங்களில் சோதனை தன் வேலையைச் சரியாகவே செய்யும். அதன் பொருளைத் தவறாக எடுத்துக்கொள்வார்கள். 1974 நவம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மதுக்கூடங்களில் குண்டுகள் வெடித்து 21 பேர் இறந்தனர். அன்றிரவு ரயிலில் சென்றுகொண்டிருந்த அயர்லாந்துக்காரர்கள் சிலர் பிடிபட்டனர். அவர்களின் கைகளைத் துடைத்து கிரீஸ் சோதனை எனப்படும் வேதிச் சோதனை செய்த அரசுத் தடயவியலாளர், அவர்களில் சிலர் வெடிமருந்தைத் தொட்டிருப்பது 99 சதவீதம் உறுதி என்றார். அந்தச் சோதனை வெடிமருந்தில் உள்ள நைட்ரோகிளிசரினுக்கு நிறம் மாறும் என்பது உண்மை. வார்னிஷ், சில வகைப் பூச்சுகள், சீட்டுக்கட்டின் வழவழப்பான மேற்பரப்பு ஆகியவற்றில் உள்ள நைட்ரோசெல்லுலோஸுக்கும் அது அதே நிறத்தைத் தரும். அவர்கள் ரயிலில் சீட்டாடிக்கொண்டு வந்தவர்கள்.

அடித்து வாங்கியதாக அவர்கள் கூறிய ஒப்புதல் வாக்குமூலங்களும் சேர்ந்து, 1975இல் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை பெற்றுத்தந்தன. விசாரணையின்போதே உடனுக்குடன் எழுதியதாகப் போலீசார் சொன்ன குறிப்புகள் அப்படி எழுதப்பட்டவை அல்ல என்பதை, காகிதத்தில் பதிந்த எழுத்தழுத்தத் தடங்களை ஆராயும் சோதனை பின்னர் வெளிப்படுத்தியது. 1991 மார்ச் 14 அன்று, 16 ஆண்டுகளுக்குப் பிறகு, அறுவரும் விடுதலையாயினர்.

எண்களிலும் இதே குழப்பம் நேர்கிறது. இங்கிலாந்தின் சாலி கிளார்க் என்ற தாய், கைக்குழந்தைகளாக இறந்த தன் இரு மகன்களையும் கொன்றதாக 1999இல் தண்டிக்கப்பட்டார். ஒரு வசதியான குடும்பத்தில் காரணம் தெரியாத தொட்டில் மரணம் நேரும் வாய்ப்பு 8,543இல் ஒன்று என்றும், அதே எண்ணால் பெருக்கினால் இரண்டு முறை நேரும் வாய்ப்பு சுமார் 7.3 கோடியில் ஒன்று என்றும் குழந்தைநல நிபுணர் ராய் மெடோ சாட்சியம் அளித்தார். முதல் பிழை, பெருக்கியது. ஒரே குடும்பத்தில் மரபும் சூழலும் பொதுவாக இருப்பதால், இரண்டு மரணங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று கொள்ள முடியாது. இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. தற்செயலாக நடப்பது அரிது என்பதால், அந்தத் தாய் நிரபராதியாக இருப்பதும் அதே அளவு அரிது என்று ஜூரி புரிந்துகொள்ள இடம் கொடுத்தது அந்த எண். ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக அரிதே. இரண்டு அரிய விளக்கங்களில் எது எவ்வளவு அரிது என்று ஒப்பிட வேண்டுமே தவிர, ஒன்றை மட்டும் நிறுத்துப் பார்க்கக் கூடாது. 2001இல் அரசப் புள்ளியியல் கழகம் இந்தக் கணக்குக்கு அடிப்படை இல்லை என்று பொதுவெளியில் அறிக்கை விட்டது. ஆனால் 2003இல் அவரை விடுவித்த முதன்மைக் காரணம் வேறு: இரண்டாவது குழந்தையின் உடலில் தொற்றுக் கிருமிகள் இருந்ததைக் காட்டிய ஆய்வக முடிவுகளைப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் தெரிவிக்காமலே இருந்திருந்தார்.

அதிகார முறைகேடு: மறைப்பதே பெரியது

இங்கிருந்து அடுத்த பகுதிக்கு வருகிறோம். வழக்கை நடத்தும் பொறுப்பில் உள்ள போலீசார், அரசு வழக்குரைஞர்கள், ஆய்வகப் பணியாளர்கள் ஆகியோர் விதிகளை மீறுவதே அதிகார முறைகேடு. பொய்ச் சான்றைத் தயாரிப்பது என்றுதான் இதைப் பலரும் கற்பனை செய்கிறார்கள். அமெரிக்கத் தேசிய விடுவிப்புப் பதிவேடு 2020இல் 2,400 விடுவிப்புகளை ஆராய்ந்தபோது, 54 சதவீதத்தில் அதிகார முறைகேடு இருந்தது. அதில் மிகப் பரவலானது, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றை மறைப்பது. மறைத்தவர் பலருக்குத் தாம் மோசடி செய்வதாகவே தோன்றியிருக்காது. குற்றவாளி இவர்தான் என்று உறுதியாக நம்பிவிட்டவருக்கு, எதிரான தகவல் ஒரு தொந்தரவாக மட்டுமே தெரியும்.

சாதகமான சான்றை அரசுத் தரப்பு வெளிப்படுத்தியாக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இலேயே, பிரேடி வழக்கில், தீர்ப்பளித்தது. 1986 ஆகஸ்டில் டெக்சாஸில் கிறிஸ்டின் மார்ட்டன் தன் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். கணவர் மைக்கேல் மார்ட்டன் மீது சந்தேகம் விழுந்தது. அம்மாவைத் தாக்கியது ஒரு பூதம் என்றும், அப்போது அப்பா வீட்டில் இல்லை என்றும் மூன்று வயது மகன் பாட்டியிடம் சொல்லியிருந்தான். அந்த உரையாடலைப் பாட்டி விசாரணை அதிகாரியிடம் தெரிவித்து, அது எழுத்திலும் பதிவாகியிருந்தது. வீட்டின் பின்புறம் ஒருவர் பச்சை வேனை நிறுத்தியதை அக்கம்பக்கத்தார் பார்த்திருந்தனர். இவை எதுவும் மார்ட்டனின் வழக்கறிஞர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. இரைப்பையில் இருந்த உணவை வைத்துக் கணித்த மரண நேரம் மட்டும், கணவர் வீட்டில் இருந்த நேரத்தோடு பொருந்துவதாக ஜூரியின் முன் வைக்கப்பட்டது. 1987இல் ஆயுள் தண்டனை.

வீட்டுக்கு அருகே கிடைத்த இரத்தக் கறை படிந்த ஒரு கைக்குட்டையைச் சோதிக்க மாவட்ட அரசு வழக்குரைஞர் அலுவலகம் பல ஆண்டுகள் எதிர்ப்புத் தெரிவித்தது. 2011இல் சோதித்தபோது, அதில் கிறிஸ்டினின் இரத்தமும் வேறொரு ஆணின் மரபணுவும் இருந்தன. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பிறகு மார்ட்டன் விடுதலையானார். உண்மைக் கொலையாளி 1988இல் ஆஸ்டின் நகரில் இன்னொரு பெண்ணையும் கொன்றிருந்தார். நிரபராதியைச் சிறையில் வைப்பது, குற்றவாளியை வெளியே விட்டுவைப்பதும்தான் என்பது இதிலிருந்து தெரிகிறது. சான்றை மறைத்த அரசு வழக்குரைஞர் அதற்குள் நீதிபதியாகியிருந்தார். 2013இல் அவருக்குக் கிடைத்தது பத்து நாள் சிறைத் தண்டனை.

ஆய்வகங்களுக்குள்ளும் முறைகேடு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலப் போதைப்பொருள் ஆய்வகத்தில் பணியாற்றிய அன்னி டூகன், பல மாதிரிகளைச் சோதிக்காமலே, பார்வையால் மட்டும் முடிவெழுதியது 2012இல் வெளிவந்தது. சக ஊழியர்களைவிடப் பல மடங்கு வேகமாக அவர் வேலை செய்தது அதுவரை திறமையாகவே கருதப்பட்டிருந்தது. 2017இல் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகளை நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று.

இந்தியாவிலும் ஓர் எடுத்துக்காட்டு பதிவில் இருக்கிறது. 2002இல் காந்திநகர் அக்ஷர்தாம் கோயிலில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல் வழக்கில், மூவருக்கு மரண தண்டனை உட்பட ஆறு பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. கொல்லப்பட்ட தாக்குதலாளிகளின் உடையிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு உருதுக் கடிதங்கள் முக்கியச் சான்றாக இருந்தன. உடைகள் குண்டுகளால் துளைபட்டு இரத்தத்தில் ஊறியிருந்தன. அவற்றின் பைக்குள் இருந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களிலோ இரத்தக் கறையும் இல்லை, துளையும் இல்லை.

சான்றுகள் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன?

தனித்தனியே பார்த்த இரண்டு பாதைகளும் சேரும் இடம் இதுதான். ஒருவர்மீது சந்தேகம் விழுகிறது. நீண்ட விசாரணையின் களைப்பிலும் பயத்திலும், குறிப்பாகச் சிறார்களாக இருந்தால், இப்போதைக்குத் தப்பித்தால் போதும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்ற செய்தி ஆய்வகத்துக்குப் போகிறது. தெளிவற்ற தடயம் தெளிவாகத் தெரிகிறது. ஆய்வக முடிவு வந்துவிட்டது என்றதும், முன்பு தயங்கிய நேர்சாட்சி உறுதியாகப் பேசுகிறார். எதிரான தகவல் கோப்பின் அடியில் போகிறது. நீதிபதியின் முன் வரும்போது அவை நான்கு தனித்தனிச் சான்றுகளாகத் தெரிகின்றன. பிறந்த இடம் ஒன்றே. 1989இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில், குற்றம் நடந்தபோது 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து சிறுவர்கள் 1990இல் தண்டிக்கப்பட்டபோது, குற்ற இடத்து மரபணு அவர்களில் எவரோடும் பொருந்தவில்லை என்பது வழக்கு விசாரணைக்கு முன்பே தெரியும். ஆனாலும் ஒப்புதல் வாக்குமூலங்கள் அறிவியலை வென்றன. மரபணுவுக்குரிய மனிதர் தானே முன்வந்து ஒப்புக்கொண்ட பிறகு, 2002இல்தான் அந்தத் தீர்ப்புகள் நீக்கப்பட்டன.

மேல்முறையீட்டில் இது பிடிபடும் என்று எதிர்பார்க்கலாம். மேல் நீதிமன்றங்கள் பெரும்பாலும் சட்ட நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்றே பார்க்கின்றன. உண்மைகளை முதலிலிருந்து மறுபடி ஆராய்வதில்லை. அரசுத் தரப்புக்கு ஆய்வகம் இருக்கிறது. ஏழைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு மறுப்பு நிபுணரை அமர்த்தவும் வசதி இருப்பதில்லை. முடிந்த வழக்கை மீண்டும் திறக்க எந்த அமைப்பும் எளிதில் விரும்புவதில்லை. பர்மிங்ஹாம் போன்ற வழக்குகள் தந்த அதிர்ச்சியின் விளைவாகத்தான் பிரிட்டனில் 1997இல் குற்ற வழக்குகள் மறுஆய்வு ஆணையம் உருவானது.

இதற்கு என்ன செய்கிறார்கள்?

முதல் வழி, விடையை மறைத்துவைப்பது. தடயத்தை ஆராய்பவர் சந்தேக நபரின் ரேகையையோ முடியையோ பார்க்கும் முன், தடயத்தில் தாம் காண்பதை எழுதிவைத்துவிட வேண்டும். வாக்குமூலம், பழைய குற்றப் பின்னணி போன்ற தகவல்கள் அவருக்கு எட்டவே கூடாது. ஹூஸ்டன் நகர ஆய்வகம் 2014இல் போலீசாரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அமைப்பானது. விடை தெரிந்த சோதனை மாதிரிகளை உண்மை வழக்குச் சான்றுகளைப் போலவே தயாரித்து, பணியாளர்களுக்குத் தெரியாமல் அவற்றோடு கலந்து அனுப்பும் வழக்கமும் அங்கே இருக்கிறது. இதனால் பிழை விகிதம் உண்மையாகவே அளக்கப்படுகிறது. விசாரணையைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒளிப்பதிவு செய்வது இன்னொரு வழி. ஒப்புக்கொண்ட கணத்தை மட்டும் பதிவுசெய்தால் பயனில்லை. குற்ற விவரங்களை முதலில் சொன்னது கேட்டவரா, பதில் சொன்னவரா என்பது முழுப் பதிவில்தான் தெரியும்.

டெக்சாஸ் 2013இல் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, தண்டனைக்கு அடிப்படையான அறிவியல் பின்னர் தவறென்று தெரிந்தால் வழக்கைத் திறக்க வழி செய்கிறது. மார்ட்டனின் பெயரைத் தாங்கிய மற்றொன்று, அரசு வழக்குரைஞர் தம் கோப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்குத் திறந்துகாட்ட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் எல்லையும் அங்கேயே இருக்கிறது: எழுதப்படாத வாக்குமூலத்தையும் பதியப்படாத சந்திப்பையும் கோப்பைத் திறப்பதால் வெளியே கொண்டுவர முடியாது. சாட்சி ஒவ்வொருவரும் முதல் நாள் சொன்னது என்ன, எந்தத் தடயம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, சோதனையில் பொருந்தாமல் போன முடிவுகள் எவை என்பதெல்லாம் விசாரணையின் தொடக்கத்திலிருந்தே பதிவாக வேண்டும் என்று சீர்திருத்தவாதிகள் இன்றும் வாதாடுவது அதனால்தான்.